பழைய ஜப்பானிய வாள்களும் சுபாக்களும்: சேகரிக்க ஆசைப்படுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டோக்கியோவில் 8 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே பல சனிக்கிழமைகள் ரியோகொகுவில் உள்ள வாள் அருங்காட்சியகத்தில்தான் கழிந்தன. இப்போது சென்னைவாசி. என்னிடம் 11 சுபாக்களும் ஒரு ஜோடி மேனுகியும் (வாளின் பிடியில் பதிக்கும் சிறு உலோக அலங்காரம்) ஒரு அலமாரி நிறையப் புத்தகங்களும் இருக்கின்றன. விஷயம் தெரிந்து வீட்டுக்கு வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு சொல். வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் தட்டுக்குப் பெயர்தான் சுபா. ஜப்பானியர் வாயில் முன்னால் ஒரு மெல்லிய 'ட்' ஒலி கேட்கும். சுனாமி என்று எழுதும்போது அதை விட்டுவிட்டோம் அல்லவா, இதிலும் விட்டுவிடுகிறேன்.

அழகுக்கு மாட்ட விற்கும் 'சாமுராய் வாள்' ஜப்பானிய வாள்தானே?

இல்லை. நிஹோந்தோ என்று ஜப்பானியர் சொல்வது தமாஹகானே என்ற எஃகைக் கையால் அடித்து, மடித்து, களிமண் பூசித் தோய்ச்சல் கொடுத்துச் செய்த வாளை மட்டும்தான். அந்த எஃகு ஆற்றுமணல் போன்ற இரும்புமணலிலிருந்து வருகிறது. ஷிமானே மாகாணத்தின் ஒகுஇசுமோவில் ஒரு களிமண் உலை இன்றும் குளிர்காலத்தில் மட்டும் எரிகிறது. இப்போதைய உலை 1977இல் மறுபடி தொடங்கியது. மூன்று இரவுகள் ஓயாமல், சுமார் 10 டன் இரும்புமணலையும் 12 டன் அடுப்புக்கரியையும் கொட்டினால் இரண்டரை டன் அளவில் ஒரு பெரும் கட்டி கிடைக்கும். அதிலும் நல்ல எஃகு ஒரு பகுதிதான். கடைசியில் உலையையே உடைத்துத்தான் கட்டியை வெளியே எடுப்பார்கள்.

வாள் பயிற்சிக்கு வைத்திருக்கும் இயாய்தோ வேறு. அது துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகம், கூர் தீட்ட முடியாது. பயிற்சிக்கு நல்லது, சேகரிப்புக்கு அல்ல.

கதானா, வகிசாஷி, தாச்சி என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

நீளம்தான் முதல் கணக்கு. ஒரு ஷாக்கு 30.3 செ.மீ. அலகு அதற்குக் குறைவாக இருந்தால் தாந்தோ, ஒன்றிலிருந்து இரண்டு ஷாக்குவுக்குள் வகிசாஷி, இரண்டுக்கு மேல் (60.6 செ.மீ.) கதானா. தாச்சி என்பது அதற்கும் முந்தைய, குதிரை வீரர்கள் காலத்து நீள வாள். கூர் கீழே பார்க்கும்படி இடுப்பில் தொங்கவிடுவார்கள். கதானாவைக் கூர் மேலே இருக்கும்படி கச்சையில் செருகுவார்கள்.

சாதாரண சம்பளக்காரருக்கு எவ்வளவு பழைய வாள் கிடைக்கும்?

நினைப்பதைவிடப் பழையது. 1596க்கு முந்தையவை கோத்தோ, அதாவது பழைய வாள்கள். அப்புறம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஷிந்தோ, அதிலிருந்து 1876 வரை ஷின்ஷிந்தோ. 1876இல்தான் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. கமாகுரா காலத்துப் (12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை) பெரிய கொல்லர்களின் வாள்களை நாம் கண்ணாடிக்கு வெளியே நின்று கும்பிடலாம், அவ்வளவுதான். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் பிசென், மினோ பகுதிகளில் போருக்காக ஏராளமாக வாள் அடித்தார்கள். அவற்றில் ஒரு நேர்மையான வகிசாஷி, ஒரு நல்ல கேமராவின் விலைக்குக் கிடைத்துவிடும். என்னிடம் இருந்ததும் அப்படி ஒரு மினோ வகிசாஷிதான்.

புதிதாக ஆரம்பிப்பவர் முதலில் எதை வாங்கலாம்?

முதல் வருடம் எதையும் வாங்காதீர்கள். புத்தகம் வாங்குங்கள், நல்ல வாள்களைப் போய்ப் பாருங்கள். கண் பழகுவதற்கு முன்னால் கை பணப்பையைத் திறந்தால் திருத்தவே முடியாத தப்பு நடக்கும்.

அதற்கப்புறம் ஒரு இரும்புச் சுபா வாங்குங்கள். காரணம் சொல்கிறேன். வாள் வைத்திருக்கச் சட்டச் சிக்கல் உண்டு, சுபாவுக்கு அந்த அளவுக்கு இல்லை. உள்ளங்கையில் அடங்கும், 7 அல்லது 8 செ.மீ. விட்டம்தான். கையில் எடுத்துத் தடவிப் பார்க்கலாம். வாளின் அலகைத் தொட்டால் துருப்பிடிக்கும், இரும்புச் சுபாவோ சுத்தமான கை பட்டுப் பட்டுத்தான் மெருகேறும். இரும்பை அடித்த கையை உணர இதைவிட நல்ல பாடம் கிடையாது. வாள் சேகரிக்க வசதியில்லாதவர்களின் இரண்டாம் தேர்வு சுபா என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுபாவுக்காகவே வாழ்ந்த சேகரிப்பாளர்கள் ஜப்பானில் உண்டு.

அலகில் எதைத்தான் பார்ப்பது? எனக்கு எல்லாம் பளபளப்பாகவே தெரிகிறது.

எனக்கும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் தெரிந்தது. பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் உருவம், அடுத்து எஃகின் மேற்பரப்பு, கடைசியாகக் கூர்ப்பக்கத்துக் கோலம். புதியவர்கள் கடைசியில் ஆரம்பித்துக் கடைசியிலேயே முடித்துவிடுகிறார்கள்.

உருவம் என்பது வளைவும் அகலமும் முனையின் நீளமும். வளைவு பிடிக்குப் பக்கத்தில் ஆழமாக இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் காலத்தைக் கணித்துவிடலாம்.

மேற்பரப்பில் தெரிவது மடிப்புகளின் தடம். எஃகைச் சூடாக்கி, அடித்து, மடித்து, மறுபடி அடிப்பார்கள். 10 முதல் 15 தடவை வரை மடிப்பது உண்டு. 15 தடவை மடித்தால் அடுக்குகள் 32,768. நல்ல மெருகுள்ள அலகில் அது மரப்பலகையின் ரேகை போலத் தெரியும். சில வாள்களில் நேர்ரேகை, சிலவற்றில் கணு கணுவாகச் சுழலும் ரேகை.

கோலத்துக்குப் பெயர் ஹாமோன். தோய்ச்சலுக்கு முன்னால் வாளின் முதுகில் களிமண்ணைத் தடிமனாகவும் கூர்ப்பக்கம் மெல்லிசாகவும் பூசுவார்கள். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் இறக்கும்போது கூர்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து கடினமாகும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து நெகிழ்வோடு இருக்கும். வாளின் வளைவில் பெரும்பங்கும் அந்தச் சில நொடிகளில்தான் விழுகிறது, ஏனென்றால் கடினமாகும் பக்கம் கொஞ்சம் விரிவடைகிறது. நம்மூர்க் கொல்லுப்பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். களிமண்தான் புதிது.

பார்க்கும் முறை முக்கியம். அறையின் பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு குண்டு பல்பு மட்டும் எரியட்டும். வாள்முனை அந்த பல்பை நோக்கி இருக்கும்படி பிடித்து, மெல்லச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். பல்பின் பிம்பம் அலகில் விழும் இடத்தைப் பார்க்காதீர்கள், அதன் விளிம்பைப் பாருங்கள். அங்கேதான் ஹாமோன் எழுந்து வரும். சில வாள்களில் மார்கழிக் காலையில் வயல்மேல் நிற்கும் பனிமூட்டம் போல இருக்கும், அது நியோய். சிலவற்றில் கற்பூரத்தூளைத் தூவியது போல ஒவ்வொரு துகளும் தனித்தனியாக மின்னும், அது நியே. முதன்முதலில் அது எனக்குத் தெரிந்த அன்று, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒன்றும் சொல்லாமல் விளக்கை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தார். அரைமணி நேரம் அந்த வாளைவிட்டு நகரவில்லை.

அமிலம் ஊற்றி வரைந்த போலிக் கோலத்தில் இந்தத் துகள் இருக்காது. வெறும் வெள்ளைக் கோடாக நிற்கும்.

கையெழுத்து இருந்தால் நம்பலாமா?

பிடிக்குள் செருகியிருக்கும் அடிப்பகுதியை நாகாகோ என்பார்கள். கொல்லர் தன் பெயரை உளியால் வெட்டுவது அங்கேதான். அந்தப் பெயருக்கு ஜப்பானிய மொழியில் 'மெய்'. தமிழ்க் காதுக்கு உண்மை என்று கேட்கும், அதனாலேயே கூடுதல் கவனம் வேண்டும். பொய்க் கையெழுத்து, அதாவது 'கிமெய்', நூற்றாண்டுகளாக நடக்கும் வேலை. பெயர் எவ்வளவு பெரியதோ சந்தேகமும் அவ்வளவு பெரியதாக இருக்கட்டும்.

உண்மையான கையெழுத்திலும் சிக்கல் உண்டு. பிசென் பகுதியின் ஓசாஃபுனே ஊரில் சுகேசதா என்ற ஒரே பெயரில் பல பத்துக் கொல்லர்கள் இருந்தார்கள். அவர்களில் தலைசிறந்தவர்களும் இருந்தார்கள், போர் அவசரத்துக்குக் கட்டுக்கட்டாக அடித்துக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். எந்தச் சுகேசதா என்பதை எஃகுதான் சொல்லும்.

கையெழுத்தே இல்லாத வாளை ஒதுக்க வேண்டாம். நீளமான பழைய தாச்சிகளைப் பிற்காலத்தில் கீழிருந்து வெட்டிக் குறைத்தார்கள், கையெழுத்தும் அதோடு போனது. மிக உயர்ந்த வாள்களில் பல அப்படித்தான் பெயரிழந்து நிற்கின்றன. ஒரு சுமாரான பெயரோடு வரும் சுமாரான வாளைவிட, பெயரில்லாத நல்ல வாளையே நான் எடுப்பேன்.

சான்றிதழ்கள் பலவிதம் இருக்கின்றனவே, எது நல்லது?

பரவலாக மதிக்கப்படுவது என்பிடிஎச்கே என்று சுருக்கமாக அழைக்கப்படும் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் சான்று. 1948இல் தொடங்கியது, ரியோகொகு அருங்காட்சியகமும் அவர்களுடையதே. இப்போதைய படிநிலை 1982இல் வந்தது: ஹோசோன், தோகுபெத்சு ஹோசோன், ஜூயோ, தோகுபெத்சு ஜூயோ. ஹோசோன் என்றால் கையெழுத்து சரி, அல்லது இன்ன மரபைச் சேர்ந்தது, பாதுகாக்கத் தகுந்தது என்று பொருள். நம்மைப் போன்றவர்களுக்கு அதுவே போதும். 1982க்கு முந்தைய பழைய தாளோடு வரும் வாளை, புதிதாக மறுபடி அனுப்பிப் பார்த்த பிறகே பலர் வாங்குவார்கள். நானும் அதையே சொல்வேன்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தச் சங்கத்தின் 'ஜூயோ' வேறு, அரசு அறிவிக்கும் 'முக்கியப் பண்பாட்டுச் சொத்து' வேறு. முதலாவதை முறைப்படி ஜப்பானுக்கு வெளியே கொண்டுபோகலாம், இரண்டாவதைக் கொண்டுபோக முடியாது.

எந்தக் குறை இருந்தால் வாங்கவே கூடாது?

ஹாகிரே. கூருக்குக் குறுக்காக, தலைமுடி அளவில் ஓடும் விரிசல். சில சமயம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும்தான் தெரியும். இது இருந்தால் எவ்வளவு அழகான வாளானாலும் விட்டுவிடுங்கள். முனையில் ஹாமோன் முழுவதும் தேய்ந்து போயிருந்தாலும் அதே கதைதான், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. தீயில் சிக்கித் தோய்ச்சல் போய், மறுபடி தோய்ச்சல் கொடுத்த வாள்களும் சந்தைக்கு வரும். பிடியை ஒட்டிய இடத்தில் அலகில் சாய்வாக ஒரு நிழல் எழுவது அதற்கு ஒரு அடையாளம்.

சிறு பொத்தல், மடிப்பில் ஒரு பிளவு, பழைய வெட்டுத்தழும்பு இவையெல்லாம் வயதின் குறிகள். விலையில் பேசிக்கொள்ளலாம்.

துருவை நானே எடுக்கலாமா? பாலிஷ் போடலாமா?

கூடாது. இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

நாகாகோவில் உள்ள துரு அழுக்கு அல்ல, அதுதான் வாளின் பிறப்புச் சான்று. பழைய நாகாகோ கருப்பட்டி நிறத்தில், விரல் வைத்தால் வழுவழுவென்று இருக்கும். அண்மையில் வரவழைத்த துரு செம்மண் நிறத்தில் சொரசொரக்கும். அந்தக் கறுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டால் கையெழுத்தின் உண்மையை இனி யாராலும் சொல்ல முடியாது. ஐநூறு வருடம் சேர்ந்தது ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

அலகின் துருவுக்குத் தொகிஷி என்ற மெருகுக் கலைஞரிடம்தான் போக வேண்டும். பத்து வருடம் குருவிடம் இருந்து கற்றவர்கள் அவர்கள். பலவகைக் கற்களை, சொரசொரப்பிலிருந்து நுண்மை வரை வரிசையாக மாற்றி மாற்றித் தேய்ப்பார்கள். கடைசிக் கட்டத்தில் கல்லைக் காகிதம்போலச் சீவி, விரல்நுனியில் வைத்துத் தேய்ப்பார்கள். கூலி நீளத்தைப் பொறுத்தது. 3 செ.மீ. சொச்சத்துக்கு 10,000 யென்னிலிருந்து மேலே என்று வைத்துக்கொண்டால் ஒரு கதானாவுக்கு இரண்டு லட்சம் யென்னைத் தாண்டும்.

பணம் இருந்தாலும் அடிக்கடி செய்யக் கூடாது. வெளியே கடின எஃகும் உள்ளே மென்மையான எஃகும் வைத்துச் செய்தது வாள். ஒவ்வொரு மெருகும் மேலிருந்து கொஞ்சம் எஃகை எடுத்துவிடும். அளவு மீறினால் உள்ளிருக்கும் மென்மையான எஃகு திட்டுத்திட்டாக வெளியே தெரியும். அப்படிப்பட்ட வாளை 'களைத்துப் போனது' என்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல் அது.

ஒரு சம்பவம். டோக்கியோ வீட்டுக்கு மாமா பையன் வந்திருந்தான். வகிசாஷியைக் காட்டினேன். சொல்லி முடிப்பதற்குள் கூரைச் சோதிப்பது போல அலகின் பக்கவாட்டில் பெருவிரலை வைத்துவிட்டான். துடைத்தேன், ஆனால் அவசரத்தில் எண்ணெய் போட மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஆதார் அட்டைக்கு எடுத்தது போல முழு ரேகையும் பழுப்பு நிறத்தில் நிற்கிறது. தொகிஷி அந்த இடத்தை மட்டும் பார்த்துக் கொடுத்தார். தப்பு அவனுடையது இல்லை, கையில் கொடுப்பதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

சுபாக்களில் இவ்வளவு வகையா? எங்கிருந்து தொடங்குவது?

இதைக் கேட்டால் எனக்கு நேரம் போவது தெரியாது.

ஒரு சுபாவைக் கையில் எடுங்கள். நடுவில் முக்கோணம் போல நீண்ட துளை அலகு நுழைவதற்கு. அதன் இரு பக்கமும் இருக்கும் சிறு துளைகளில் ஒன்று கோசுகா என்ற சிறு கத்திக்கு, மற்றது கோகாய் என்ற கொண்டை ஊசி போன்ற கருவிக்கு. நடுத்துளையைச் சுற்றி நீள்வட்டமாக ஒரு வெற்றிடம் விட்டிருப்பார்கள். கையெழுத்து இருந்தால் அங்கேதான் இருக்கும். துளையின் மேலும் கீழும் செம்புத் துண்டு அடித்திருந்தால், இந்தச் சுபா ஒன்றுக்கு மேற்பட்ட வாள்களில் வேலை பார்த்திருக்கலாம் என்று பொருள்.

பழைய இரும்புச் சுபாக்களில் அலங்காரம் குறைவு. மெல்லிய வட்டத் தகடு, அதில் ஒரு செர்ரிப் பூவோ ஒரு பிறையோ துளையிட்டிருக்கும். வாள் அடித்தவரும் கவசம் செய்தவருமே செய்தவை என்று மரபாகச் சொல்வார்கள். பிறகு ஓவாரி, கியோட்டோ, அகாசகா என்று ஊருக்கு ஊர் பாணி வந்தது. ஓவாரிச் சுபாக்கள் கனமானவை, முறுக்கேறியவை. கியோட்டோவில் கோடுகள் மெலிந்து, கொக்கும் நாணலும் வந்து அமரும். ஓவாரிச் சுபாக்களின் விளிம்பில் சில இடங்களில் இரும்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். அதை 'இரும்பெலும்பு' என்கிறார்கள். என் சேகரிப்பில் கடைசியில் ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால், எலும்பு தெரியும் அந்த ஓவாரிச் சுபாவைத்தான் எடுப்பேன்.

மென்உலோகச் சுபாக்கள் இன்னொரு உலகம். ஷாக்குதோ என்பது செம்பில் 3 முதல் 5 சதவீதம் தங்கம் கலந்தது. செய்து முடித்ததும் துருவிய முள்ளங்கிச் சாற்றில் நனைத்து, செம்பு உப்புகள் கரைத்த நீரில் கொதிக்க வைப்பார்கள். காக்கைச் சிறகு போல நீலம் கலந்த கறுப்பு வரும். ஷிபுஇச்சி என்றால் 'நாலில் ஒன்று'. செம்போடு கால்பங்கு வெள்ளி சேர்ந்தால் வரும் சாம்பல் நிறம். ஷாக்குதோவின்மேல் மீன்முட்டை போலச் சிறு சிறு குமிழ்களை உளியால் வரிசை வரிசையாகப் பதிப்பதற்கு நானாகோ என்று பெயர். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு வரிசைகூட வழி தவறாது.

இந்த வேலையில் கோத்தோ குடும்பம் பெரிய பெயர் (பழைய வாளைக் குறிக்கும் கோத்தோ வேறு சொல்). 15ஆம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட ஷோகன் அஷிகாகா யோஷிமாசாவிடம் இருந்த கோத்தோ யூஜோவில் தொடங்கி, 17 தலைமுறைகள். மேனுகி, கோசுகா, கோகாய் மூன்றையும் ஒரே கருத்தில் செட்டாகச் செய்வதில் அவர்கள் பேர்போனவர்கள். 1876 தடை வந்தபோது இந்தக் கலைஞர்களுக்கு ஒரே நாளில் பிழைப்பு போனது. கானோ நத்சுவோ போன்ற மேதைகள் வேறு வேலைக்குத் திரும்பினார்கள். தடைக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே மெய்ஜி அரசின் புதிய நாணயங்களுக்கு உருவம் செதுக்கியிருந்தவர் அவர்தான். அந்த நாணயங்களின் டிராகனைப் பார்த்தால் சுபா செதுக்கிய கை தெரியும்.

போலிச் சுபாவை எப்படிக் கண்டுபிடிப்பது?

என் முதல் சுபாவே போலி. ஒரு ஞாயிறு பழம்பொருள் சந்தையில் வாங்கினேன். கொக்கு பறக்கும் கோலம், நல்ல கறுப்பு. விற்றவர் எடோ காலம் (1603 முதல் 1868 வரை) என்றார். பெரிய ஆவலோடு ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் காட்டினேன். அவர் கோலத்தைப் பார்க்கவேயில்லை. துளைகளின் உள்சுவரை வெளிச்சத்துக்குக் காட்டி, "இங்கே பாருங்கள்" என்றார். சுவரின் நடுவே முடி போல ஒரு கோடு. அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம். வார்ப்பு இரும்பு!

அதிலிருந்து நான் முதலில் பார்ப்பது உள்சுவர்தான். கையால் அறுத்த சுபாவில் அங்கே அரத்தின் தடம் இருக்கும். வார்ப்பில் தையல்கோடோ ஊசித்துளை போன்ற காற்றுக்குமிழோ இருக்கும். அடுத்து, நடுத்துளையைச் சுற்றி வாளோடு உராய்ந்த தேய்மானம் இருக்கிறதா என்று பார்ப்பேன். கோலத்தின் விளிம்புகள் சோப்பு கரைந்தது போல மழுங்கியிருந்தால் கீழே வைத்துவிடுவேன். அந்தக் கொக்குச் சுபாவை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

சுபாவைச் சுத்தம் செய்யலாமா?

ஷாக்குதோ, ஷிபுஇச்சி, பித்தளை என்றால் மென்துணியால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள். குத்துவிளக்குக்குப் போடும் புளி, சாம்பல், பீதாம்பரி எதையும் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம். அந்தக் கறுப்புதான் வேலையின் முடிவு. அதைத் தேய்த்தால் வெறும் செம்புத் தகடு மிஞ்சும்.

இரும்புச் சுபாவில் செந்துரு இருந்தால் கொஞ்சம் செய்யலாம். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஊறவைத்து, மான்கொம்பு அல்லது எலும்புத் துண்டின் முனையால் செந்துருவை மட்டும் மெதுவாகத் தள்ளி எடுக்க வேண்டும். இரும்பைவிட எலும்பு மென்மையானது, கீறாது. அப்புறம் பருத்தித் துணியால் தினமும் பத்து நிமிடம் தேய்ப்பது. மாதக்கணக்கில் ஆகும். என் ஓவாரிச் சுபாவை இரவுச் செய்தி பார்க்கும் நேரத்தில் தேய்த்துத் தேய்த்து, ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. கம்பித் தேய்ப்பான், உப்புத்தாள், அமிலம் மூன்றும் தடை.

முழு வாளை வாங்கி, உறுப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து விற்கிறார்களே?

லாபத்துக்காகச் செய்கிறார்கள். எடோ காலத்தில் ஒருவர் யோசித்துச் சேர்த்த உறையும் பிடியும் சுபாவும் ஒன்றாகப் பிழைத்திருந்தால், தயவுசெய்து பிரிக்காதீர்கள். பிரித்தால் மறுபடி சேராது.

வீட்டில் வாளை எப்படி வைத்திருப்பது?

நீண்டகாலம் வைக்க ஷிராசாயா என்ற வெள்ளை மர உறைதான் சரி. ஹோ மரத்தில் செய்து, சோற்றுப்பசையால் ஒட்டியிருப்பார்கள். தேவைப்பட்டால் பிளந்து உள்ளே சுத்தம் செய்யலாம் என்பதற்காகவே அந்தப் பசை. படுக்கையாக, கூர் மேலே பார்க்கும்படி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு, கிராம்பு வாசம் வரும் சோஜி எண்ணெயை மெல்லிய படலமாகப் போடுங்கள். திரைப்படங்களில் வெள்ளைப் பொடி உருண்டையைத் தட்டுவார்களே, அது மெருகுக்கல்லின் தூள். அடிக்கடி பயன்படுத்தினால் நுண்ணிய கீறல் விழும். மெல்லிய துணியும் சுத்தமான ஆல்கஹாலும் போதும்.

கடலோர ஈரக் காற்றில் இந்த இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை அள்ளிப் போட வேண்டாம், மரம் காய்ந்து வெடிக்கும்.

இன்னொருவர் வாளைக் காட்டும்போது எப்படி நடந்துகொள்வது?

மோதிரம், கைக்கடிகாரம் கழற்றுங்கள். வாளுக்குத் தலைவணங்குங்கள். கூர் மேலே இருக்கும்படி, உறையின் அடிவயிற்றில் முதுகுப்பக்கம் வழுக்கிக்கொண்டே ஒரே இழுப்பில் மெதுவாக உருவுங்கள். அலகைத் தொடக் கூடாது. அதன்மேல் பேசவும் கூடாது, எச்சில் துளி துருவாகும். திருப்பிக் கொடுக்கும்போது கூர் உங்கள் பக்கம் இருக்கட்டும். பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்லி நீங்களாகக் கேட்காதீர்கள், அவர் விரும்பினால் அவரே மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துக் காட்டுவார்.

தாத்தா பர்மாவிலிருந்து கொண்டுவந்த ஜப்பானிய வாள் வீட்டில் இருக்கிறது. மதிப்பு உண்டா?

1945இல் பர்மாவிலும் மலாயாவிலும் சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகள் வாள்களை ஒப்படைத்தார்கள். அங்கிருந்த பிரிட்டிஷ் இந்தியப் படையினர் கையிலும் சில வந்து சேர்ந்தன. பெரும்பாலானவை போர்க்காலத்தில் தொழிற்சாலை எஃகில் செய்து, எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்தவை. நாகாகோவில் 'ஷோவா' அல்லது 'செகி' என்ற சிறு முத்திரை இருக்கும். ஆனால் சில அதிகாரிகள் குடும்பத்துப் பழைய வாளையே ராணுவ உறையில் போட்டு எடுத்து வந்தார்கள். அதனால் வெளித்தோற்றத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். நாகாகோவை நேர் வெளிச்சத்தில் படம் எடுத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள். துடைக்காதீர்கள். இந்தியாவில் இருந்தால் ஆயுதச் சட்டப்படி உங்கள் நிலை என்ன என்று ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போர் முடிந்த கதை ஜப்பானுக்குள்ளும் வலி நிறைந்தது. ஒரு காலத்தில் ஜப்பானை ஆண்ட தோகுகாவா குடும்பத்தின் ஹோன்ஜோ மாசமுனே என்ற புகழ்பெற்ற வாள் 1945 டிசம்பரில் மேஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு அடுத்த மாதத்தோடு தடம் அறுந்துவிட்டது. எதிர்மாறாக ஒன்று: கைவிட்டுப் போன, குனிமுனே என்ற கொல்லரின் ஒரு வாள் அமெரிக்கச் சேகரிப்பாளர் வால்டர் காம்ப்டனிடம் வந்து சேர்ந்தது. அது ககோஷிமாவின் தெருகுனி ஆலயத்துக்கு உரியது என்று தெரிந்ததும் 1963இல் ஒரு காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். சேகரிப்பாளர் என்றால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார்.

ஜப்பானில் வாங்கச் சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவுக்குக் கொண்டுவரலாமா?

ஜப்பானில் உரிமம் ஆளுக்கு இல்லை, வாளுக்கு. ஒவ்வொரு வாளோடும் மாகாணக் கல்விக்குழு கொடுத்த பதிவுச்சீட்டு இருக்க வேண்டும். வாங்கிய 20 நாட்களுக்குள் உரிமையாளர் மாறியதைத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டவரும் வாங்கலாம். நாட்டைவிட்டுக் கொண்டுபோக, பண்பாட்டு விவகார அமைப்பில் விண்ணப்பித்து ஏற்றுமதிச் சான்று பெற்று, பதிவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டமும் 2016 விதிகளும் வாளை ஆயுதமாகவே வைத்திருக்கின்றன. உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்யக் கூடாது. 'பழம்பொருள்தானே' என்று பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். சுங்கத்தில் வாளும் போகும், நிம்மதியும் போகும். சுபா, மேனுகி, கோகாய் போன்றவை வெட்டும் அலகில்லாத உறுப்புகள், ஆனாலும் சட்டநிலையை விசாரித்துக்கொண்டே வாங்குங்கள். கோசுகாவில் கத்தி அலகு இருந்தால் அதைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியை மட்டும் வாங்குங்கள். தந்தத்தில் செய்த எதையும் தொடாதீர்கள்.

பிரிட்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு: 2008இலிருந்து வளைந்த வாள் விற்பனைக்குத் தடை உண்டு. ஆனால் பழைய வாள்களுக்கும் மரபு முறையில் செய்தவற்றுக்கும் விலக்கு இருக்கிறது.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

ரியோகொகு அருங்காட்சியகம், 2018 ஜனவரியிலிருந்து அங்கே இருக்கிறது. உயெனோவின் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் பிறைநிலாக் கோலம் கொண்ட மிகாசுகி முனேச்சிகா என்ற வாள் இருக்கிறது, எப்போதும் காட்சியில் இருக்காது. ஒகயாமா பக்கம் போனால் ஓசாஃபுனே வாள் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். அந்த செதோஉச்சி நகராட்சி, சாஞ்சோமோ என்ற தேசியப் பொக்கிஷ வாளைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவர மக்களிடம் நிதி திரட்டி 2020இல் 50 கோடி யென்னுக்கு வாங்கியது. ஒரு சிறிய ஊர் செய்த காரியம் இது.

உங்கள் வகிசாஷி இப்போது எங்கே?

டோக்கியோவிலேயே விட்டுவிட்டு வந்தேன். இங்கே கொண்டுவருவதற்கான உரிமம் என்னிடம் இல்லை, பெட்டகத்தில் பூட்டிவைத்துத் துருப்பிடிக்க விடவும் மனம் வரவில்லை. வார்ப்புக் கோட்டைக் காட்டித் தந்த அந்த மூத்த சேகரிப்பாளருக்கே கொடுத்தேன். பதிவுச்சீட்டு, தொகிஷியின் ரசீது, எந்தெந்தத் தேதியில் எண்ணெய் போட்டேன் என்று தமிழில் எழுதிவைத்த சிறு நோட்டு எல்லாம் கூடவே போயின. நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், படித்துச் சொன்னேன். கடைசித் தேதிக்குக் கீழே அவர் கையெழுத்தில் ஜப்பானிய மொழியில் அடுத்த தேதி ஏறியிருக்கும் படத்தைப் போன மாதம் அனுப்பியிருந்தார்.